சதுர அடி பன்னிரண்டு ரூபாய்

திருத்துறைப்பூண்டி பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
மாடிப்படிக்குக் கீழே எங்கள் கடை.
கண்ணீர் அஞ்சலி, காதணி, மஞ்சள் நீராட்டு
எல்லாம் ஒரே மெஷினில்.
சதுர அடி பன்னிரண்டு ரூபாய்.
சிரிக்கிற முகத்துக்கும் அதே விலைதான்.

ஏலத்தன்று எடையூர்ப் பையன்கள்
கடைக்குள்ளேயே கிடந்தார்கள்.
அபினேஷின் போனில் ஒருவர் சுத்தியலைத் தட்ட
அண்ணன் வேறு டீமுக்குப் போனார்,
பதினெட்டரைக் கோடிக்கு.
எத்தனை சைபர் என்று
பழைய எஸ்டிமேட் தாளின் பின்பக்கம்
எழுதிப் பார்த்தோம்.
ரியாஸ்கான் ஒன்று கூடப் போட்டுவிட்டான்.
யாரும் கண்டுபிடிக்கவில்லை.
அந்த வாரம்தான் இடும்பாவனத்தில்
குளத்து மீன் ஏலமும் போனது,
அறுபத்து மூவாயிரம்.
அதற்குத்தான் கைகலப்பு.

பங்குனியில் மறுபடி வந்தார்கள்.
இருபதுக்குப் பத்து, கடைத்தெரு முக்கில் கட்ட.
போன வருடத்துப் படமே இருக்கிறது,
சட்டை மட்டும்தான் மாறணும்.
மஞ்சளைப் பிடித்து நகர்த்தினேன்.
முதலில் நாற்றுப் பச்சை,
அப்புறம் மதகடித் தண்ணீர், அப்புறம் நீலம்.
பல்லிலும் நீலம் பாய்ந்துவிட்டது.
பல்லை மட்டும் தனியாக வெட்டி
வெளுத்துக் கொடுத்தேன்.

"அண்ணன் எங்கயோ அங்கதான்க்கா நாங்க"
என்றான் அபினேஷ்.
"ஊர் டீமை விட்டுட்டுப் போனவன்லாம் அண்ணனா?"
என்றான் ரியாஸ்கான்.
அங்கேயே படை இரண்டாகி
கடைக்கு இன்னொரு பேனர் கிடைத்தது.
முதலாளி எல்லோருக்கும் டீ சொன்னார்.

கீழே வரிசையாகத் தலைகள்.
பணம் கொடுத்தவன் பெரிதாக,
கடன் சொன்னவன் தீப்பெட்டி அளவில்.
பாதிப் பேர் ஆதார் படம்.
சுதர்சன் அவன் அக்கா கல்யாணத்திலிருந்து
மாப்பிள்ளைத் தோழனாக, மாலையோடு.
அபினேஷுக்குப் பின்னால் ஒரு டிராக்டர் நின்றது.
அதை அழித்துவிட்டு
ஐம்பதாயிரம் பேர் கத்துகிற மைதானத்தை வைத்தேன்.
அவன் அங்கே போனதில்லை.
ஒருமுறை டிக்கெட்டுக்கு
போனிலேயே வரிசையில் நின்றானாம்.
அவனுக்கு முன்னால்
இரண்டு லட்சத்துச் சொச்சம் பேர்.

முதல் மேட்சன்று பாலாபிஷேகம்.
ஏணி முகம்வரை எட்டவில்லை.
ஒரு லிட்டர் பாலும் அண்ணன் மார்பில் இருந்த
பெயிண்ட் கம்பெனி எழுத்தின்மேல் வழிந்தது.
அந்தக் கம்பெனி
பேனருக்கு ஒரு பைசா தரவில்லை.
ஆனாலும் அதன் எழுத்தைத்தான்
ஆறு தடவை சரிபார்க்கச் சொன்னார்கள்.
மறுநாள் காலை அந்த ஒரு வார்த்தை முழுக்க
எறும்பு.

டீம் கடைசி நாலுக்குள் வரவில்லை.
இரண்டாயிரத்து நானூறில்
பாக்கி ஆயிரத்து நானூறு.

வைகாசி பிறந்ததும் மழை பிடித்தது.
பாக்கி கேட்டு எடையூர் போனேன்.
கொள்முதல் நிலையத்தில் சாக்கு இல்லையாம்,
ஒன்பது நாளாய்க் கோடை நெல்
குவியல் குவியலாய் வெளியில்.
தார்ப்பாய் எட்டாத மூலையில் ஏதோ நீலமாய்.
கிட்டப் போனால்
என் நீலம்.

மட்டையைத் தூக்கியபடி
நெல்மேல் மல்லாந்திருந்தார் அண்ணன்.
வலது கண்ணில் அரைக்குடம் தண்ணீர்.
அபினேஷின் அப்பா வீரையன்
முனையைப் பிடித்து அதைச் சரித்துவிட்டார்.
"ஈரப்பதம் பதினேழுக்குள்ள இருந்தா எடுப்பாங்க.
நேத்து பத்தொம்போது காட்டுச்சு."
காற்றுக்குத் தூக்காமலிருக்க
ஓரத்தில் செங்கல் வைத்திருந்தார்,
ஒன்று மகன் முகத்தின்மேல்.
பார்த்து வைத்தாரா, தெரியவில்லை.

"நல்லா கெட்டியா இருக்கும்மா.
இதுமாதிரி இன்னொண்ணு கெடைக்குமா?
படம் எதுவா இருந்தாலும் பரவால்ல."

பாக்கியைக் கேட்காமல் வந்துவிட்டேன்
என்று சொன்னால் பொய். கேட்டேன்.
நெல் போட்டதும் என்றார்.

பேருந்துக்கு நிற்கையில்
மறுபடி தூறல்.
மஞ்சள் பேனர் எங்கே கிடக்கிறது என்று கேட்க
ரியாஸ்கானுக்குப் போன் போட்டேன்.
எடுக்கவில்லை.
அவன் வைத்திருந்த காலர் டியூனில்
ஒரு மைதானமே
நிறுத்தாமல் கத்திக்கொண்டிருந்தது.